கேட்டில் தொங்கிய சிவப்புக் கயிறு

ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி பத்து நிமிடம். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் மின்வெட்டு. காலையில் நின்ற மின்சாரம் அப்போதுதான் திரும்பி வந்தது. பின்தெரு நிட்டிங் யூனிட்டில் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின. ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்த நான், ஃபேன் சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். ஃபேனைத் தாண்டி எதிர்ச் சுவரில் கடிகாரம். அந்த நொடியில் வாசலிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, இன்னிக்குக் குடுக்க மாட்டேங்குது. வந்து பாருங்களேன்."

எது, எதைக் கொடுக்க மாட்டேனென்கிறது என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த வாக்கியத்துக்கு விளக்கம் தேவையில்லை. நாய் எதையோ கொண்டுவந்திருக்கிறது.

பனியன் கம்பெனிகள் நிறைந்த நல்லூரில் எங்கள் தெருவில் வீடு எது, கம்பெனி எது என்று வெளியாட்களுக்குத் தெரியாது. இரண்டு வீடு தாண்டினால் ஒரு தையல் யூனிட், அதற்கு மேல்மாடியில் ஒரு குடும்பம், அதற்கும் மேலே தகர ஷீட் போட்டு ஒரு பேக்கிங் செக்‌ஷன். மூன்று வருடம் முன்பு, பள்ளி வேன் நிற்கும் இடத்திலிருந்து என் மகள் ஒரு குட்டியைப் புத்தகப் பையின் மேல் உட்காரவைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். செம்பழுப்பு நிறம். தாடையில் மட்டும் ஒரு கைப்பிடி வெள்ளை. ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று எப்போதும் மடங்கியே இருக்கும். பெட்டை வேறு. வேண்டாம் என்று நான் அரைமணி நேரம் காரணம் சொன்னேன். நாய்க்கடி, ஊசி, அக்கம்பக்கத்துப் புகார் என்று எல்லாம் சொன்னேன். என் மனைவி ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றி வைத்தாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

ஆறேழு மாதத்தில் அந்தப் பழக்கம் வந்தது. முதலில் கொண்டுவந்தது ஒரு கை. மனிதக் கையல்ல, டி ஷர்ட்டின் கை. கட்டிங்கில் வெட்டிய, இன்னும் தைக்காத ஊதா நிறத் துணி. மறுநாள் அதே நிறத்தில் கழுத்துப் பட்டை. "முழு சட்டையும் கொண்டாந்து சேத்திருமாட்ட இருக்குது, நான் தெச்சுக் குடுத்தர்றேன்" என்று மனைவி சிரித்தாள். பிறகு துணியோடு நிற்கவில்லை. நூல் சுற்றிய கோன், யாருடைய வீட்டிலிருந்தோ குக்கர் வெயிட், பாதி தேங்காய், கணக்குப் பாடத்தில் சிவப்பு மையில் இரண்டே மதிப்பெண் வாங்கிய ஒரு விடைத்தாள், எப்போதும் இடதுகால் செருப்பு. ஒருநாள் காகிதத்தில் சுற்றிய நான்கு ரொட்டி, இன்னும் சூடாக. அதை யாரிடமிருந்து எடுத்தது என்று கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்யும் பீகார்ப் பையன்கள் ஐந்து பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் ஹிந்தி தெரியாமல் கைகூப்பி நின்றேன்.

கொண்டுவந்ததை அது கடித்துக் குதறாது. மண்ணில் புதைக்காது. நேராக வந்து, வாசலில் நான் விடும் இடதுகால் செருப்பின் மேல் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். கையெழுத்து வாங்க வந்த கூரியர்காரர்போல முகத்தைப் பார்க்கும்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு பொருளையும் எடுத்துக்கொண்டு வீடுவீடாக நான் நடந்தேன். பிறகு மகள் ஒரு வழி செய்தாள். சாம்பிள் துணி மாட்டுகிற, இரண்டு பக்கமும் கிளிப் வைத்த பிளாஸ்டிக் ஹேங்கர்கள் என் வேலையின் காரணமாக வீட்டில் நிறையக் கிடக்கும். அதில் ஒன்றைக் கேட்டின் வெளிப்பக்கம் மாட்டினாள். நாய் கொண்டுவந்ததை அதில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால், பொருளுக்குச் சொந்தக்காரர் போகும்போது எடுத்துக்கொண்டு போவார். தெருவுக்கும் அது பழகிவிட்டது. எதையாவது காணவில்லை என்றால் முதலில் எங்கள் கேட்டைப் பார்ப்பார்கள். விடைத்தாளை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

அந்த ஞாயிறு நான் வெளியே வந்தபோது என் செருப்பின் மேல் எதுவும் இல்லை. நாய் துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் புகுந்து, முன்னங்கால்களுக்கு நடுவே எதையோ வைத்துத் தாடையால் அழுத்திக்கொண்டு படுத்திருந்தது. மகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள்.

"என் சாமில்ல. என் தங்கமில்ல. குடு பாக்கலாம்."

அவள் மெதுவாக விரலை விட்டு இழுத்தாள். நாய் உறுமவில்லை. ஆனால் ஒரு முனகல் முனகியது, நாங்கள் அதுவரை கேட்டிராத சத்தம். அவள் கையில் வந்தது ஒரு சிவப்பு அரைஞாண் கயிறு. சின்னஞ்சிறிய இடுப்புக்கானது. அதில் ஒரு வெள்ளித் தாயத்தும் நெல்லிக்கொட்டை அளவில் ஒரு வெள்ளி மணியும் கோத்திருந்தன. மகள் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். கை சிவந்திருந்தது. நாயின் தாடையில் இருந்த வெள்ளை முடியும் சிவந்திருந்தது.

"அப்பா, ரத்தம்."

நான் பயந்த சுபாவம் உள்ளவன். அதை மறைக்க முடியாது. மகளின் பள்ளி வேன் ஐந்து நிமிடம் தாமதமானால் டிரைவருக்கு ஃபோன் செய்துவிடுவேன். இப்போதெல்லாம் அவர் ஹலோ கூடச் சொல்வதில்லை. "கொழந்த ஜன்னல் சீட்ல உக்காந்துட்டிருக்குதுங்க சார்" என்று சொல்லி வைத்துவிடுவார். அப்படிப்பட்டவன் கண் முன்னால் ஒரு குழந்தையின் கயிறு, நாயின் வாயிலிருந்து, சிவப்பாக. எங்கள் நாய் ஒரு குழந்தையைக் கடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வேறெதுவும் நினைக்க இடமே இருக்கவில்லை. மனைவியைக் கத்திக் கூப்பிட்டேன்.

மனைவி சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய் ஒரு பிடி பனியன் வேஸ்ட் எடுத்து வந்தாள். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் தரை துடைக்க, அடுப்பு துடைக்க எல்லாவற்றுக்கும் அந்த வெள்ளைத் துணிதான். அதில் கயிற்றை வைத்து அழுத்தி நாலு தேய் தேய்த்துப் பிரித்துக் காட்டினாள். துணியில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு.

"சாயம் உடுதுங்க. புதுக் கவுறு, எச்ச பட்டு ஊறிருச்சு. ரத்தம்னா இப்பிடியா இருக்கும்? தெனமும் கம்பெனில இந்தத் தேய்ப்புத் தேச்சுத்தான சம்பளம் வாங்கறீங்க?"

உண்மைதான். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன். சாயம் ஒட்டுகிறதா என்று வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்ப்பது இருபது வருடமாக என் வேலை. ஆனால் அன்று அந்த ரோஸ் கோட்டை மூன்று முறை மோந்து பார்த்த பிறகுதான் நம்பினேன். மகள் நாயின் வாயைப் பிரித்துப் பல்லைப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவள் முகத்தில் உயிர் வந்தது. "நான் சொன்னேனல்ல, இது யாரையும் கடிக்காதுன்னு" என்றாள். அப்படி யாரிடமும் அவள் சொல்லியிருக்கவில்லை.

அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நான் கயிற்றின் முனையைப் பார்த்துவிட்டேன்.

நாய் கடித்து அறுத்திருந்தால் நூல் பிரிந்து பிசிறடித்திருக்கும். இது ஒரே வெட்டில், சற்றுச் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. பிசிறு வெட்டுகிற ட்ரிம்மர் என்ற சின்னக் கத்தரியின் வெட்டு. தையல் மெஷினில் உட்காருகிற பெண்கள் கழுத்தில் நாடா கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அது. அந்த வெட்டை எந்தத் துணியிலும் எனக்கு அடையாளம் தெரியும்.

கயிறு பழசானால் மாற்றுவார்கள். அப்போதும் புதியதைக் கட்டிய பிறகுதான் பழையதை அறுப்பார்கள். குழந்தையின் இடுப்பு ஒரு நிமிடம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. அறுத்த பழைய கயிறு வெளுத்து, நூல்நூலாக இருக்கும். அதிலிருந்த தாயத்தையும் மணியையும் புதியதில் கோத்துவிடுவார்கள். இதுவோ கட்டிப் பத்து நாள்கூட ஆகாத புதுக் கயிறு. தாயத்தோடும் மணியோடும் அறுத்திருக்கிறார்கள்.

அப்படி அறுப்பது எப்போது என்று எனக்கும் என் மனைவிக்கும் தெரியும். மகளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். ஒன்பது மாதம் இருந்தான். அவனை அடக்கத்துக்குத் தூக்கும் முன் யாரோ ஒரு பெரியவர், "கவுத்த எடுத்துருங்க" என்றார். ட்ரிம்மரை என்னிடம் நீட்டினார்கள், என்னால் முடியவில்லை; சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். தையல் செக்‌ஷனுக்குள் போகும்போதெல்லாம் நூறு ட்ரிம்மர்கள் அந்தச் சத்தத்தைத்தான் எழுப்பிக்கொண்டிருக்கும். இத்தனை வருடத்தில் அது பழகிவிட்டதென்று நினைத்திருந்தேன்.

நான் முனையைக் காட்டியதும் மனைவி துணி துவைக்கும் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். 

கயிற்றைப் பனியன் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். யாருடையது என்று தெரிந்தாக வேண்டும். அந்தக் குழந்தை உயிரோடு இருக்கிறது என்று யாராவது சொல்லியாக வேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது? அறுத்த கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நின்று, இது உங்கள் குழந்தையுடையதா என்று யாரால் கேட்க முடியும்? குழந்தை நன்றாக இருக்கும் ஒரு வீட்டில் கேட்டால் அது அபசகுனம். உண்மையிலேயே அந்த வீடாக இருந்துவிட்டால் அதைவிடக் கொடுமை. ஆகவே பையிலிருந்து அதை எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். அதுதான் நான் செய்த தவறு.

எதிர் மளிகைக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் உற்சாகமானார். "என்னங்க சார், உங்க ஆளு இன்னிக்கு என்ன கொண்டாந்துது? எங்க தராசுக் கல்லு ஒண்ணக் காணோமுங்க. உங்க கேட்லதான் தொங்குமாட்ட இருக்குது."

"இல்லீங்க, சும்மாத்தான் வந்தேன்." சற்று நின்றேன். "தெருவுல கொழந்தைங்க எல்லாம் நல்லா இருக்குதுங்களா?"

அவர் எடை போடுவதை நிறுத்தினார். "எந்தக் கொழந்தைங்க?"

"பொதுவாக் கேட்டனுங்க."

"பொதுவா நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு, நான் போகும்வரை என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

தெருக்கோடியில் ஒரு லைன் வீடு உண்டு. வரிசையாக எட்டு அறைகள், பொதுவாக ஒரு குழாய். தெற்கத்திக் குடும்பங்கள்தான் அதிகம். முதல் அறையில் இருப்பவர் மட்டும் எங்கள் ஊர்ப் பக்கத்து அக்கா ஒருவர். பல வருடமாக அங்கேயே இருப்பதால் லைனுக்கு அவர்தான் பொறுப்புப்போல. குழாயடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்கக்கா, ஒரு மணி கெடச்சுதுங்க. உங்க லைன்ல யாராச்சும் தொலச்சாங்களா?"

"மணிங்களா? ஆட்டு மணியா, பூச மணியா?"

"சின்ன மணிங்க."

"இங்க எட்டு ரூமுங்க. ஒரு ரூம்ல கோழி இருக்குது, அதுக்கு யாரும் மணி கட்டுலீங்க." அவரே சிரித்துக்கொண்டார். "போன வாரம் எங்க கரண்டி உங்க கேட்ல தொங்குச்சுங்க. நாயி கரண்டிக்கெல்லாம் வந்துருச்சுன்னா, நாளைக்கு அடுப்பே வந்துரும் பாருங்க."

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்போது கடைசி அறையைப் பார்த்தேன். பூட்டியிருந்தது. வாசலில் நீல நிறத்தில் குழந்தைச் செருப்பு ஒரு ஜோடி, என் உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. செருப்பை விட்டுவிட்டுக் குழந்தை எங்கே போயிருக்கும்? அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. என் சட்டைப் பையில் தாயத்து மார்பை அழுத்திக்கொண்டிருந்தது. "வர்றேனுங்கக்கா" என்று திரும்பி நடந்துவிட்டேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "கடசி ரூமு பூட்டியிருக்குது. செருப்பு மட்டும் கெடக்குது."

"ஞாயித்துக்கெழம. கடவீதிக்குப் போயிருப்பாங்க. இடுப்புல தூக்கிட்டுப் போற கொழந்தைக்குச் செருப்பெதுக்கு?" சொன்னாளே தவிர அவள் குரலில் தெம்பில்லை.

இவ்வளவு நேரமும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள். "நீங்க எதுக்குப்பா ஊடு ஊடாப் போறீங்க? எப்பவும்போலக் கேட்ல மாட்டி உட்டா, அவிங்களே வந்து எடுத்துக்குவாங்கல்ல?"

"இதெல்லாம் மாட்டக் கூடாது கண்ணு."

"ஏன்?"

அவளுக்கு அந்த அண்ணனைப் பற்றித் தெரியும், ஃபோட்டோவில் பார்த்திருக்கிறாள். கயிறு பற்றி நாங்கள் சொன்னதில்லை. மனைவி என் பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். குழாயில் கயிற்றை அலசினாள். சாயம் தண்ணீரில் ஓடி, போகப்போக வெளிறியது. ஒரு சிட்டிகை மஞ்சள் தொட்டு வைத்தாள். பிறகு வெட்டுப்பட்ட இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, பல்லால் இழுத்து இறுக்கி, ஒரு முடிச்சுப் போட்டாள்.

"அறுந்ததா மாட்டத்தான் கூடாது. இப்ப இது முழுக் கவுறு. மாட்டு சாமி" என்று மகளிடம் கொடுத்தாள்.

மகள் கிளிப்பில் மாட்டினாள். அதுவரை கல்லுக்கு அடியைவிட்டு வராத நாய் எழுந்து வந்து, கேட்டுக்கு உள்பக்கமாக, ஹேங்கருக்கு நேர் கீழே படுத்துக்கொண்டது.

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். தெருவில் யார் போனாலும் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேர் ஹேங்கரைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மகள் உள்ளே போய் வீட்டுப்பாடம் எழுதுவதாகச் சொன்னாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. காற்றடித்தால் அந்தச் சின்ன மணி கேட்டுக் கம்பியில் பட்டு ஒலித்தது. நல்ல சத்தம்தான். ஓடுகிற குழந்தையின் இடுப்பில் கேட்க வேண்டிய சத்தம்.

ஐந்தரைக்கு லைன் வீட்டு அக்கா பால் வாங்கத் தூக்குப்போசியோடு வந்தார். வழக்கம்போல எங்கள் கேட்டைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தவர், அப்படியே நின்றார். போசியைக் கீழே வைத்தார்.

"இது எங்க கடசி ரூமுப் பையனோடதுங்க! போன வாரந்தான் அவிங்க ஊர்க் கோயல்ல மொட்டையடிச்சுக் காது குத்திக் கட்டுன கவுறு." பிறகு என்னைப் பார்த்து, "மணின்னுதானுங்க கேட்டீங்க! கவுறுன்னு ஒரு வார்த்த சொல்லுலீங்களே!" என்றார்.

"பையன் எங்கீங்க?" என்று மனைவி கேட்டாள். 

"ஆஸ்பத்திரிங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆட்டோல தூக்கிட்டுப் போனாங்களாமுங்க. நான் அப்பப் படுத்திருந்தேன், நீங்க வந்துட்டுப் போனப்பறந்தான் எனக்கே சொன்னாங்க. பட்டன முழுங்கிட்டானாமுங்க."

அந்தத் தாய், கைக்குழந்தைகளுக்கான உடுப்புகளை வீட்டுக்கு எடுத்துவந்து பிசிறு வெட்டிக் கொடுப்பவளாம். அந்த உடுப்புகளில் அடிக்கிற உலோக பிரஸ் பட்டன் ஒன்று தரையில் கிடந்திருக்கிறது. ஒன்றரை வயதுப் பையன் கண்ணில் பட்டிருக்கிறது.

வெளிநாட்டில் ஏதோ ஒரு குழந்தை பிடுங்கி வாயில் போட்டுவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு சரக்கு லாட்டிலும் அதே பட்டன்களை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவன் நான். 

"இப்ப எப்பிடி இருக்கானுங்க?" என்றாள் மனைவி.

"தெரியலீங்க. அவ ஊட்டுக்காரரும் வேலைல இருந்து பைக்ல நேரா அங்க போயிட்டாராமுங்க. நாலு மணிக்கு நான் கூப்புட்டேன், எடுக்குலீங்க."

எங்கள் வாசலில் நின்றபடியே மறுபடி கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது, அடித்து நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாவது முறை ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. சார்ஜ் தீர்ந்திருக்கும் என்றார் அவர். தீர்ந்திருக்கும் என்று நாங்களும் சொன்னோம். அவர் பால் வாங்கப் போகவில்லை. என் மனைவி பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டார். காலையில் அந்தப் பையன் தன் அறைக்கு வந்து வெங்காயக் கூடையைக் கவிழ்த்ததை இரண்டு முறை சொன்னார். "உங்க நாயி தெனமும் மத்தியானம் அங்கதானுங்க கெடக்கும். அவம் பிஸ்கட்ட ஒரு கடி கடிச்சுட்டு மீதிய இதுக்கு நீட்டுவான்" என்றும் சொன்னார். மத்தியானங்களில் அது எங்கே போகிறதென்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆறேகால் இருக்கும். வெளிச்சம் முழுதாகப் போகவில்லை. ஒரு பைக் தெருவுக்குள் திரும்பியது. ஓட்டியவனுக்கும் பின்னால் இருந்த பெண்ணுக்கும் நடுவில் ஒரு மொட்டைத் தலை. முதலில் எழுந்தது நாய். கேட்டுக் கம்பிக்கு நடுவே மூக்கை நுழைத்து, பகல் முழுக்க அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் குரைத்தது.

"தோ... தோ..." என்று அந்த மொட்டைத் தலை கையை நீட்டியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் படியிலிருந்து எழுந்தேன், எழுந்த வேகத்தில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண் பைக் நிற்பதற்குள் இறங்கினாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். தோளில் துணிப்பை, கையில் எக்ஸ்ரே கவர், கழுத்தில் நாடாவோடு ட்ரிம்மர். கழற்றக்கூட நேரமில்லாமல் போயிருக்கிறாள். அக்கா அவளிடம் எதுவும் சொல்வதற்கு முன்பே ஹேங்கரைப் பார்த்துவிட்டாள். கயிற்றை எடுத்து, அந்த முடிச்சை விரலால் தடவினாள்.

"இதை முடிஞ்சது யாரு?"

"நாந்தானுங்க" என்றாள் மனைவி.

"யக்கா..." அவளுக்கு முகம் கோணியது. "ஆஸ்பத்திரிக்கு போன் போட்டப்பவே, எக்ஸ்ரே படம் எடுக்கணும், இடுப்புல வெள்ளி கிள்ளி இருக்கக் கூடாதுன்னுட்டாவ. கோயில்ல போட்ட முடிச்சு, அவுக்க வரல. அதான் அறுத்து ஜன்னல்ல வச்சுட்டு ஓடுனேன். போற வழியெல்லாம் அதேதான் மனசுல."

"பையனுக்கு என்னங்க சொன்னாங்க?" என்று நான் கேட்டேன். அன்று அதுதான் நான் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பட்டன் கொடலுக்கு எறங்கிருச்சு, ரெண்டு மூணு நாள்ல தானா வெளிய வந்துரும்னாவ. பாத்துக்கிட்டே இருக்கணுமாம்."

அவள் பையனைக் கேட்டின் திண்டில் நிற்கவைத்துச் சட்டையைத் தூக்கினாள். அந்தக் குட்டி வயிற்றைச் சுற்றி வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. தையல் நூல். கோனிலிருந்து உருவிய சாதாரண நூல், ஏழெட்டுச் சுற்று.

நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். "வெறும் இடுப்பா விட முடியுமா அண்ணாச்சி? இதைச் சுத்திட்டுத்தான அதை அறுத்தேன்."

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் மட்டும் ஓடிவந்து பையனைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் சிவப்புக் கயிற்றை அதன் இடத்தில் கட்டி, அது உட்கார்ந்துவிட்டதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ட்ரிம்மரை எடுத்து வெள்ளை நூலை வெட்டினாள். டக்கென்ற அந்தச் சத்தத்துக்கு நான் இந்த முறை திரும்பிக்கொள்ளவில்லை.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் கேட் கிரீச்சிட்டால் முதலில் நாயின் வாயைத்தான் பார்க்கிறேன். நேற்று ஒரு பிரஷ், முந்தாநாள் யாருடைய மணிபர்ஸோ, உள்ளே சாமி படம் மட்டும். ஒவ்வொன்றையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் மகளோ மனைவியோ அந்தப் பெண் அன்று கிளம்பும்போது சொன்னதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

அன்று அவள் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே போய், திரும்பி நின்றாள். மணி ஒலித்தது. காலடியில் வாலாட்டிக்கொண்டு அவர்களோடேயே கிளம்பத் தயாராக நின்ற நாயைக் குனிந்து பார்த்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு விரலை ஆட்டினாள்.

"ஏட்டி, இங்க பாரு. இவன்கிட்ட இருந்து இன்னும் ஒரே ஒரு பொருள்தான் வெளிய வரணும். அதையும் தூக்கிட்டு வந்து இவுக கேட்ல மாட்டிப் போடாத, கேட்டியா?"